‘எல்லாம் நார்மல்’: நம்மை நாமே ஏமாற்றும் இரண்டு சொற்கள்



எங்கள் ஆசிரியர் அறையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு காட்சி அரங்கேறும். ஒருவர் கிளினிக்கிலிருந்து இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கி வருவார். அதை மேசைமேல் விரித்து வைத்து, “சீனி 5.1. பிரஷர் 122-க்கு 78. கொலஸ்ட்ரால் அளவோடு இருக்கிறது. எல்லாம் நார்மல்!” என்று அறிவிப்பார். சுற்றி நிற்போர் மகிழ்வர். அவர் வயிற்றைத் தட்டி, “இது வெறும் வளம்தான் சார், வியாதி இல்லை” என்று யாரேனும் சொல்வர். அன்றைய ஓய்வு வேளைக்கு மாமாக் கடையிலிருந்து ரொட்டி சானாய் வரும்.

அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர், நானேதான். என் உயரம் 168 செண்டிமீட்டர். அந்நாளில் எடை 97 கிலோ. கணக்கு ஆசிரியன் என்பதால் வகுத்துப் பார்க்கத் தெரியும். உடல் எடைக் குறியீட்டெண் 34-ஐத் தாண்டியிருந்தது. ஆயினும் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து என் இரத்தம் எனக்கு நற்சான்று வழங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சான்றை நான் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவருக்கும் கேளாதவருக்கும் எடுத்துக் காட்டினேன். “குண்டாக இருப்பது நோயன்று, நோய் இருந்தால்தான் நோய்” என்று வாதிட்டேன்.

இன்று அந்த வாதத்தை எதிர்த்து எழுதுகிறேன். என் பழைய பேச்சை நம்பியவர்கள் இதையும் படிக்கக் கடமைப்பட்டவர்கள். எழுத நான் கடமைப்பட்டவன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாதம் முழுப் பொய்யன்று. பருமனாக இருக்கும் எல்லாருடைய உடலும் ஒரே மாதிரி கெடுவதில்லை என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறியும். பிரான்சு நாட்டு மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே இதைச் சுட்டினார். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கே நீரிழிவும் இரத்தக்குழாய் நோய்களும் மிகுதியாக வருகின்றன. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்தவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை என்றார். தோலுக்கடியில், குறிப்பாகத் தொடைப் பகுதியில் தங்கும் கொழுப்பு ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து தங்கும் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுத்து, சீனியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது.

ஆகவே எடை மிகுந்தும் சீனி, அழுத்தம், கொழுப்பு மூன்றும் ஒழுங்காக இருப்பவர்கள் உண்மையிலேயே உண்டு. அவர்களுக்குள்ள ஆபத்து, எடையும் மிகுந்து இம்மூன்றும் கெட்டவர்களுக்குள்ள ஆபத்தைவிடக் குறைவு என்பதும் உண்மையே. எதிர்த்தரப்புக்கு இதுவரை விட்டுக்கொடுக்கிறேன். இதற்கு மேல் ஓர் அடியும் இல்லை. ‘குறைவு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் நாங்கள் ஆசிரியர் அறையில் செய்த பிழை.

முதலாவதாக, அந்த அறிக்கை எந்த நாளைப் பற்றிப் பேசுகிறது? இரத்தம் எடுத்த நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வைத்த ஒரு சிறு சோதனையில் மாணவன் தேறினான் என்பதற்காக அவனை ஆண்டு முழுவதும் தேறியவனாக எந்த ஆசிரியராவது பதிவு செய்வாரா?

அமெரிக்காவில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் பருமனாக இருந்தும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகு கொழுப்பு எதுவும் இல்லாதிருந்த பெண்களில் 84 விழுக்காட்டினர் இருபது ஆண்டுகளுக்குள் அவற்றுள் ஒன்றையேனும் பெற்றுவிட்டனர். நூற்றுக்கு எண்பத்து நான்கு! நேர்மையாக மற்றோர் எண்ணையும் சொல்ல வேண்டும்: சரியான எடையுடன் இருந்த பெண்களிலும் 68 விழுக்காட்டினர் அவ்வாறே மாறினர். முதுமை எவரையும் விடுவதில்லை. ஆயினும் பருமனானவர்களிடம் அது அதிகம் பேரைத் தொட்டது.

பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 3 இலட்சத்து 81 ஆயிரம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவும் இதே திசையைத்தான் காட்டுகிறது. ‘நலமான பருமன்’ உடையவர்களில் மறுபரிசோதனைக்கு உட்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஐந்தாண்டுகளுக்குள்ளாகவே அந்த நலத்தை இழந்திருந்தனர். பருமனில்லாத நலமானவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல்.

இரண்டாவதாக, ‘நார்மல்’ என்பதற்குள்ளேயே தரவரிசை உண்டு. நாற்பது மதிப்பெண் எடுத்தவனும் தேர்ச்சி, தொண்ணூறு எடுத்தவனும் தேர்ச்சி. இருவரும் ஒன்றா? தென்கொரியாவின் சியோல் நகரில், இரத்தப் பரிசோதனையில் எந்தக் குறையும் இல்லாத 14,828 பேரின் இதயத் தமனிகளைப் படமெடுத்துப் பார்த்தார்கள்; முடிவு 2014-இல் வெளிவந்தது. பருமனானவர்களின் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு, அதாவது அடைப்பின் தொடக்க அடையாளம், சரியான எடை உடையவர்களைவிட அதிகமாக இருந்தது. இத்தனைக்கும் எல்லாரும் ‘நார்மல்’ காரர்களே! காரணத்தைத் தேடியபோது, பருமனானவர்களின் சீனி, அழுத்தம், கொழுப்பு எண்கள் எல்லைக்குள்தான் இருந்தன என்றாலும் எல்லைக் கோட்டை நெருங்கி நின்றன என்பது புலப்பட்டது. அறிக்கை சிவப்பு மையில் குறியிடவில்லை. தமனியோ குறித்து வைத்துக்கொண்டது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் வலிமையான சான்று. பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 35 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவேடுகளை அலசி 2017-இல் வெளியிட்ட முடிவு இது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்புக் கோளாறு மூன்றும் இல்லாத பருமனானவர்களை, அதே மூன்றும் இல்லாத சரியான எடை உடையவர்களோடு ஒப்பிட்டார்கள். பருமனானவர்களுக்கு இதயத் தமனி நோய் ஏற்படும் வாய்ப்பு 49 விழுக்காடு அதிகம். இதயச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு 96 விழுக்காடு அதிகம். ஏறத்தாழ இரு மடங்கு.

இங்கே கணக்கு ஆசிரியனாகக் குறுக்கிட வேண்டியிருக்கிறது. 49 விழுக்காடு என்றவுடன் ‘நூறு பேரில் 49 பேருக்கு மாரடைப்பு’ என்று சிலர் கைப்பேசியில் பரப்பத் தொடங்கிவிடுவர். அது தவறு. ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஆயிரம் பேரில் 20 பேருக்கு ஒரு நோய் வருவதாக வைத்துக்கொள்வோம். அது 49 விழுக்காடு கூடினால் ஏறக்குறைய 30 பேருக்கு வரும். மீதி 970 பேர் தப்பிவிடுவர். எனவே அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆனால் அந்தக் கூடுதல் பத்துப் பேரும் தங்கள் அறிக்கையைக் காட்டி ‘எல்லாம் நார்மல்’ என்று சொன்னவர்களே என்பதை மறக்க வேண்டாம். ஒரு நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்தால் அந்தப் பத்து எத்தனை குடும்பங்களாகும்!

சீனியும் அழுத்தமும் சரியாக இருக்கும்போது இதயம் ஏன் களைக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் எளியது. உடல் பெரிதானால் அதற்குள் ஓட வேண்டிய இரத்தமும் மிகுதி. அதை இரவும் பகலும் தள்ளுவது அதே ஒரு கைப்பிடி அளவு இதயம். நாற்பது மாணவர் வகுப்பை ஓர் ஆசிரியர் நடத்துவதற்கும், அதே ஊதியத்தில் அறுபது மாணவரை அவரே நடத்துவதற்கும் உள்ள வேறுபாடுதான். முதலாண்டில் அவர் சமாளிப்பார். பத்தாம் ஆண்டில் அவர் குரல் போய்விடும். இதயத் தசையும் அப்படித்தான். கூடுதல் சுமைக்கு ஈடு கொடுக்கத் தடிக்கிறது, பிறகு தளர்கிறது. இந்த உழைப்பு இரத்தச் சீனி அளவில் எங்கே தெரியும்?

கனடாவின் டொராண்டோ மருத்துவர்கள் 2013-இல் எட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கண்டதும் இதைத்தான் உறுதிப்படுத்துகிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் பின்தொடர்ந்த ஆய்வுகளை மட்டும் பிரித்தெடுத்தபோது, ‘நலமான பருமன்’ உடையவர்களுக்கு மரணமோ இதயநோயோ நேரும் வாய்ப்பு 24 விழுக்காடு அதிகமாக இருந்தது. இதில் நான் கற்ற பாடம்: குறுகிய காலம் மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

நான்காவது, அந்த அறிக்கை கேளாத கேள்விகள். இரத்தத்தில் முழங்காலின் தேய்மானம் தெரியாது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் மூட்டுத் தேய்மானம் உள்ள முதியோரை நடக்கவைத்து அளந்து, 2005-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். வகுப்பறைக்கும் மாடிப்படிக்கும் நடையாய் நடக்கும் நம் தொழிலுக்கு இது வெறும் கணக்கன்று.

புற்றுநோயும் அதில் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மிகுதியான உடற்கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பிருப்பதற்குப் போதிய சான்று உண்டு என்று 2016-இல் அறிவித்தது. பெருங்குடல், சிறுநீரகம், கருப்பையின் உட்சுவர், மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு வரும் மார்பகப் புற்று ஆகியவை அப்பட்டியலில் உண்டு.

உறக்கமும் அதில் தெரியாது. இதை நான் ஆய்வுகளிலிருந்து கற்கவில்லை. 2021-ஆம் ஆண்டு, என் நாற்பத்து மூன்றாம் வயதில், ஒரு நாள் காலை பள்ளிக்குச் செல்லும் வழியில் சமிக்ஞை விளக்கருகே காரை நிறுத்தினேன். பின்னாலிருந்து ஒலித்த ஹாரன் சத்தத்தில்தான் விழித்தேன். விளக்கு எப்போது பச்சையானது என்று எனக்குத் தெரியாது. என் துணைவியார் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “குறட்டை திடீரென நிற்கிறது, மூச்சே இல்லாததுபோல் இருக்கிறது, பிறகு அடைப்பு விட்டதுபோல் மூச்சு வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.” நானோ, அறிக்கையைக் காட்டி அவர் வாயை அடைத்துவந்தேன்.

மருத்துவமனையில் ஓர் இரவு உறங்கவைத்துச் சோதித்தார்கள். கழுத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, உறங்கும்போது தளரும் தொண்டையை அழுத்தி மூச்சுக்குழலை மூடிவிடுகிறது. மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. எனக்கு அது ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கும் மேல் நிகழ்ந்திருந்தது. அதே மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என்ன இருந்தது தெரியுமா? எல்லாம் நார்மல்!

அன்றிலிருந்து இரவில் காற்றுச் செலுத்தும் கருவியின் முகமூடியோடு உறங்குகிறேன். பதினோரு கிலோ குறைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு ஆண்டுகளாயின. முழங்கால் நன்றி சொல்கிறது. முகமூடி இன்னும் போகவில்லை.

இனி, வழக்கமாக எழும் மறுப்புரைகளுக்கு வருகிறேன்.

“ஒல்லியானவர்களுக்கும் மாரடைப்பு வருகிறதே?” வருகிறது. அதிலும் நம்மவர்களுக்கு நிறையவே வருகிறது. தெற்காசிய வம்சாவளியினரின் உடலில், தோற்றம் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும் இயல்பு அதிகம். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல், ஆசியர்கள் 23-லேயே எச்சரிக்கையாக வேண்டும், 27.5-ஐ உயர் ஆபத்தாகக் கொள்ள வேண்டும் என்று தனி அளவுகளைச் சொன்னது. இடுப்புச் சுற்றளவுக்கும் ஆசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செண்டிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஆக, இந்த மறுப்புரை நம்மைக் காப்பாற்றவில்லை. மெலிந்தவரும் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒல்லியானவன் வழுக்கி விழுந்தான் என்பதற்காகப் படிக்கட்டில் எண்ணெய் ஊற்றலாமா?

“எங்கள் தாத்தா வாட்டசாட்டமாக இருந்து எண்பது வயது வாழ்ந்தார்.” அந்தத் தாத்தா விடியுமுன் எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து நூற்றுக்கணக்கான இரப்பர் மரங்களைச் சீவி, பால் வாளியைத் தோளில் சுமந்தவர். அவர் பெயரன் கார் நிறுத்த வாசலுக்கு மிக அருகில் இடம் தேடி மூன்று முறை சுற்றுகிறான். தாத்தாவின் உடம்பை வாதத்துக்கு எடுப்பவர், தாத்தாவின் வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

“உடற்பயிற்சி செய்தால் எடை ஒரு பொருட்டன்று என்று ஓர் ஆய்வு சொல்கிறதே?” ஆம், எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சான்று இதுதான். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 43,265 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், உடல்திறனையும் கணக்கில் சேர்த்தபோது, நலமான பருமன் உடையவர்களின் மரண வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே உடல்திறனை எப்படி அளந்தார்கள்? ஓடுபொறியில் ஏற்றி, களைத்து நிற்கும் வரை விட்டு அளந்தார்கள். மாமாக் கடை நாற்காலியில் அமர்ந்தபடி அந்த ஆய்வை மேற்கோள் காட்டும் தகுதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஓடுகிறவர் தாராளமாக மேற்கோள் காட்டட்டும். அவரோடு எனக்குச் சண்டையில்லை.

“அப்படியானால் பருமனானவர்களைக் கேலி செய்யச் சொல்கிறீரா?” இல்லை, ஒருபோதும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுவதும் வீண். உடற்பருமனில் மரபணுவுக்குப் பங்குண்டு. உறக்கக்குறைவுக்கும் மன அழுத்தத்துக்கும் சில மருந்துகளுக்கும் வறுமைக்கும் பங்குண்டு. அது சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த தண்டனையன்று. கேலி எவரையும் மெலியவைத்ததில்லை. மறைந்து உண்ணவைத்ததுதான் மிச்சம். பருமனானவர் மதிப்புக்குரியவர் என்பதில் ஐயமில்லை. அந்த மதிப்பின் ஒரு பகுதிதான் அவரிடம் உண்மையைச் சொல்வது. இரத்தக் கொதிப்புள்ளவரைக் கேலி செய்வதுமில்லை, ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்று ஏமாற்றுவதுமில்லை. எடைக்கு மட்டும் ஏன் இவ்விரண்டில் ஒன்றைச் செய்கிறோம்?

இது ஏதோ என் ஒருவன் கதையன்று. நம் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியரில் வயது வந்தோருள் பாதிப்பேர் எடை மிகுந்தவர்கள் அல்லது பருமனானவர்கள். இந்தியர்களிடையே அது 63.9 விழுக்காடு, எல்லா இனத்தாருள்ளும் நாமே முன்னணி. அதே ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு ஆய்வில், எடை மிகுந்தவர்களும் பருமனானவர்களும் நாடு முழுவதற்கும் 54.4 விழுக்காடாக உயர்ந்தனர். கல்வியில், பொருளாதாரத்தில் முன்னணிக்கு வர எத்தனையோ மாநாடு நடத்துகிறோம். இந்த ஒரு முன்னணியை மாநாடின்றியே அடைந்துவிட்டோம். மாநாட்டில் வழங்கும் உணவும் அதற்கு உதவியிருக்கலாம்!

நகைப்புக்காகச் சொல்லவில்லை. விடுதிகளில் நடைபெறும் ஆசிரியர் பயிலரங்குகளை எண்ணிப் பாருங்கள். காலை உணவு, பத்து மணிக்குப் பலகாரம், மதிய உணவு, நான்கு மணிக்கு மறுபடி பலகாரம், இரவு உணவு, அதன்பின் இரவுப் பசிக்கென்று ஒரு சிற்றுண்டி. இடையிடையே அமர்ந்து கேட்பது ‘நலக்கல்வி கற்பித்தல் உத்திகள்’. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமானால் மீகூனும் இனிப்புக் கலந்த ரோஜா நீரும். பிறந்தநாளானால் அணிச்சல். வாய்பாடு ஒப்புவித்த பிள்ளைக்கு மிட்டாய். அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. நாமோ வகுப்பறையில் இனிப்பைப் பரிசாக்கி வைத்திருக்கிறோம். நம் வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்று தலைப்பிட்டு ஓர் அதிகாரம் எழுதினார்; அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. பெரும்பகுதி, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியே. அதை நாம்தான் மனனம் செய்யவைக்கிறோம். ஒப்புவித்து முடித்ததும் மிட்டாய் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று. இதை எழுத எனக்குச் சில ஆண்டுகள் பிடித்ததற்குக் காரணமும் இதுவே.

2018-இல் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கனத்த உடல், ஆனால் துடியானவன். நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு ‘செகாக்’ என்னும் உடல்திறன் சோதனை நடத்துகிறோமல்லவா? பலகைமேல் ஏறி இறங்கும் சோதனையில் அவன் மூன்று நிமிடமும் நிற்காமல் செய்தான். எடைக் குறியீட்டெண் மட்டும் கட்டத்தைத் தாண்டி எங்கோ நின்றது. எண்ணை எழுதினேன், படிவத்தை மூடினேன். அவனிடம் ஒரு குறை இருந்தது: ஓய்வு வேளைக்குப் பின் வகுப்பில் தூங்கிவிடுவான். நான் அவனை எழுப்பி நிற்கவைப்பேன். “இரவெல்லாம் கைப்பேசியா?” என்று வகுப்பறிய ஏசுவேன். அவன் இல்லையென்று தலையசைப்பான். நான் நம்பியதில்லை.

தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த அவன் தாயார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், பையன் எடை கூடிக்கிட்டே போகுது. ராத்திரி ரொம்ப குறட்டை விடறான். டாக்டர்கிட்ட காட்டணுமா சார்?”

நான் சிரித்தபடி சொன்ன பதில் எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. “வளர்ற பிள்ளைம்மா. நல்லாத்தானே ஓடியாடுறான்? என்னைப் பாருங்க. எனக்கே எல்லாம் நார்மல்.”

மூன்று ஆண்டுகள் கழித்து, மருத்துவமனைக் கட்டிலில் ஒட்டுக்கம்பிகளோடு கிடந்தபோது, மருத்துவர் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். உரத்த குறட்டை, பகல் தூக்கம், கவனக்குறைவு. எனக்கு அந்தப் பையன் முகம்தான் எதிரில் நின்றது. பள்ளிப் பதிவேட்டில் எண்ணைத் தேடி அவன் தாயாரை அழைத்தேன். நல்லவேளை, அந்த அம்மையார் என் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார். வீங்கிய தொண்டைச் சதையும் எடையும் சேர்ந்து மூச்சை அடைத்ததாகச் சொல்லி, அறுவை செய்து, உணவையும் ஒழுங்குபடுத்தினார்களாம். “இப்ப வகுப்புல தூங்கறதே இல்ல சார்” என்றார். என்னை அவர் ஒரு சொல்லும் குறைகூறவில்லை. கூறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேலே நான் சொன்ன ஆய்வுகள் பெரியவர்களைப் பற்றியவை. பிள்ளைகளுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் ‘ஓடியாடுகிறான், எனவே ஒன்றுமில்லை’ என்ற என் வாயும், ‘சீனி இல்லை, எனவே ஒன்றுமில்லை’ என்ற என் வாயும் ஒரே வாய்தான்.

ஆகவே சக ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: அடுத்த முறை அறிக்கையோடு வீடு திரும்பும்போது, ஓர் அளவு நாடாவையும் எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து அந்தத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். மருத்துவரிடம் சீனியை மட்டும் கேளாமல், உறக்கத்தையும் மூட்டையும் கல்லீரலையும் பற்றிக் கேளுங்கள். நாற்பது வயதைக் கடந்த குறைந்த வருமானத்தாருக்கு 2019-இல் தொடங்கிய ‘பெக்கா பி40’ திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. மாணவர்களின் பெற்றோருக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு: வகுப்பில் இனிப்பைப் பரிசாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். எழுதுகோல் கொடுங்கள், ஐந்து நிமிடம் கூடுதலாகத் திடலில் விளையாட விடுங்கள். இதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை.

மூன்று: வகுப்பில் தூங்கும் பிள்ளையை ஏசுமுன், இரவில் குறட்டை விடுகிறானா என்று அவன் வீட்டாரிடம் ஒரு முறை கேளுங்கள்.

சென்ற மாதம் எங்கள் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியர் ஒருவர் தம் அறிக்கையை விரித்து, “எல்லாம் நார்மல் அண்ணே!” என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “மகிழ்ச்சி தம்பி. இன்றைக்கு நார்மல்,” என்றேன். மாலையில் அவரையும் அழைத்துக்கொண்டு திடலை நான்கு சுற்று நடந்தேன். இரண்டாம் சுற்றிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான்.

நாளையும் நடப்போம்.